தூண் நிலைக்கட்டும், சுவர் நகரட்டும்

கொழும்பில் இனி வீடு கட்டுவதென்றால் மேல்நோக்கித்தான். வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில், முற்றமும் தென்னையும் இருந்த காணிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்மாடிகளாகிவிட்டன. கொட்டாஞ்சேனையிலும் வட கொழும்பின் பிற பகுதிகளிலும் தோட்டங்களில் வாழ்ந்த குடும்பங்கள் நகர அபிவிருத்தி அதிகார சபையின் மாடிகளுக்குக் குடியேற்றப்படுகின்றன. இரண்டு இடங்களிலும் வாங்குபவர் வேறு, விலை வேறு. கட்டடத்தின் குறை மட்டும் ஒன்றே: சாவி கையளிக்கப்படும் நாளில் குடும்பம் எப்படி இருந்ததோ, அப்படியே ஐம்பது வருடம் இருக்கும் என்று எண்ணி நாம் வரைகிறோம்.

தோட்டத்து வீடு அப்படி எண்ணியதில்லை. மகனுக்குக் கலியாணம் என்றால் பலகையடித்து மேலே ஒரு தட்டு ஏறும். தொழில் இல்லாமற் போனால் முன்னறை கடையாகும். 1984இல் தொடங்கிய பத்து இலட்சம் வீட்டுத் திட்டம் இந்தப் பழக்கத்தை மதித்தது. வட கொழும்பின் நவகம்புரவில் சின்னத் துண்டுக் காணியும் அடிப்படை வசதிகளும் கொடுத்து, வீட்டைக் குடும்பத்தின் கையிலேயே விட்டார்கள். அந்த வீடுகள் குடும்பத்தோடு வளர்ந்தன. 2001இல் பொரளைக்கு அருகே எழுந்த சஹஸ்புர, 671 வீடுகளை ஒரே மாடிக் கட்டடத்தில் அடுக்கியது. 2010க்குப் பின் வந்த நகரப் புத்துயிர்ப்புத் திட்டம் ஏறத்தாழ 68,000 குடும்பங்களைக் கணக்கிலெடுத்து, பெரும்பாலும் 400 சதுர அடி அளவிலான வீடுகளைக் கட்டத் தொடங்கியது. இருவர் உள்ள குடும்பத்துக்கும் எண்மர் உள்ள குடும்பத்துக்கும் அதே 400 சதுர அடி என்றால், நெருக்கடி வெளியே போகவில்லை, மாடி ஏறிவிட்டது.

வெள்ளவத்தையில் சிக்கல் எதிர்த்திசையில் வருகிறது. பிள்ளைகள் கனடாவிலோ இலண்டனிலோ இருக்க, மூன்று அறை வீட்டில் முதியவர்கள் இருவர் மட்டும் இருப்பார்கள். வீட்டை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியை வாடகைக்கு விட்டால் வருமானமும் வரும், பக்கத்தில் ஆளும் இருக்கும். ஆனால் பிரித்த பாதிக்கு ஒரு குளியலறை வேண்டும். அங்கேதான் வேலை நின்றுவிடுகிறது. நமது வழக்கமான கட்டுமுறையில் குளியலறையின் கழிவுக் குழாய் தளத்தைத் துளைத்து இறங்கி, கீழ்வீட்டுக் கூரைத் தட்டுக்கு மேலே ஓடி, செங்குத்துக் குழாயைச் சேர்கிறது. மேல்வீட்டார் தமது மலசலகூடத்தை நான்கு அடி நகர்த்த வேண்டுமானால் கீழ்வீட்டாரின் கூரைத் தட்டைக் கழற்ற வேண்டும். ஒழுக்கு வந்தாலும் அதே கதை. ஒரு வீட்டின் குழாயை இன்னொரு வீட்டின் எல்லைக்குள் நாம் வரைந்துவிட்டு, அயலவர்கள் சண்டை பிடிக்கிறார்கள் என்கிறோம்.

இதற்கு விடை, தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து அடுக்கும் பெட்டி வீடுகள்தான் என்ற பேச்சு இப்போது நமது துறையில் பலமாக இருக்கிறது. சிங்கப்பூரில் நாற்பது மாடி கிளெமென்ட் கனொப்பி இரட்டைக் கோபுரங்கள் 1,800க்கும் மேற்பட்ட பெட்டிகளால் ஆனவை. வேகம், தரம், குறைந்த கழிவு எல்லாம் உண்மை. ஆனால் வேகமாகக் கட்டப்படும் வீடும் பின்னர் மாற்றக்கூடிய வீடும் ஒன்றல்ல. தோக்கியோவின் நக்காகின் கோபுரத்தில் 1972இல் 140 கூடுகளைப் பொருத்தினார் கிஷோ குரோகாவா. இருபத்தைந்து வருடத்துக்கு ஒருமுறை கூடுகளைக் கழற்றிப் புதிது மாட்டலாம் என்பது எண்ணம். ஒன்றுகூட மாற்றப்படவில்லை. கூடுகள் நெருங்கி நின்றதால் ஒன்றைத் தனியே கழற்றுவது கடினம். உரிமையாளர்களிடையே உடன்பாடும் வரவில்லை. 2022இல் கட்டடமே பிரிக்கப்பட்டது.

நமக்கும் சொந்தப் பாடம் உண்டு. வடக்கு, கிழக்குக்கென 2015இல் வந்த 65,000 பொருத்து வீட்டுத் திட்டத்தை மக்களும் நமது பொறியியலாளர்கள் பலரும் எதிர்த்தார்கள். உருக்குத் தகட்டு வீட்டின் வெக்கை, விலை, ஆயுள் ஆகியவற்றோடு, பின்னாளில் ஓர் அறையை ஊர் மேசனைக் கொண்டு கூட்டிக் கட்ட முடியாது என்பதும் அந்த எதிர்ப்பின் மையத்தில் இருந்தது. வெள்ளவத்தைக்கு இன்னும் இரண்டு தடைகள். மூன்று மீற்றர் அகலப் பெட்டியைச் சுமந்த லொறி, மின்கம்பிகளின் கீழே ஒழுங்கைக்குள் திரும்பாது. கடற்காற்றில் உருக்கு இணைப்புகள் துருப்பிடிக்கும். அவற்றைப் பராமரிக்கும் செலவைக் குடியிருப்போர்தான் சுமப்பார்கள்.

மாற்றக்கூடிய மாடிவீட்டின் இலக்கணத்தை நெதர்லாந்தின் ஜோன் ஹாப்ராக்கன் 1961இலேயே எழுதினார். தூண், தளம், படிக்கட்டு, பிரதான குழாய்கள் எல்லோருக்கும் பொதுவானவை; நீண்ட ஆயுளுக்குக் கட்டப்பட வேண்டியவை. உட்சுவர், குசினி, குளியலறை குடும்பத்துக்குச் சொந்தமானவை; மாறிக்கொண்டே இருப்பவை. இரண்டையும் ஒன்றில் ஒன்று புதைக்காதீர்கள் என்பதே சாரம். ஒசாகாவில் 1993இல் கட்டிய நெக்ஸ்ட்21 என்ற ஆறுமாடிக் கட்டடம் இதைச் செய்து காட்டியது. அதன் 18 வீடுகளில் சிலவற்றைப் பின்னர் மாற்றியமைத்தபோது வெளிச்சுவர்களைக்கூட நகர்த்த முடிந்தது. நமது நாட்டிலும் முன்னோடி உண்டு. 1950களின் பிற்பகுதியில் கண்டி வத்தப்புழுவவில் அரச ஊழியர்களுக்கு வீடமைத்த மினெட் டி சில்வா, குடிவரப்போகும் குடும்பங்களிடம் வினாக்கொத்துக் கொடுத்துக் கேட்டு, அதற்கேற்பப் பல வகை வீடுகளை வரைந்தார்.

கொழும்புக்கு இந்த இலக்கணத்தை எப்படிப் பொருத்துவது? நான்கு காரியங்களை இந்த இதழ் முன்வைக்கிறது.

முதலாவது, குழாய்த் தண்டு. அது பொது நடைபாதையை ஒட்டி நிற்கட்டும். அதன் கதவு நடைபாதையில் திறக்கட்டும். ஒவ்வொரு வீட்டின் கழிவுக் குழாயும் தன் தளத்துக்கு மேலேயே ஓடித் தண்டைச் சேரட்டும். இதற்குத் தண்டை ஒட்டிய பகுதியில் சில அங்குல உயர்த்திய தரை போதும்.

இரண்டாவது, அடுத்தடுத்த இரு வீடுகளுக்கு நடுவே ஓர் இடையறை. இன்று இந்த வீட்டுக்கு, பத்து வருடம் கழித்து அந்த வீட்டுக்கு என்று அது கைமாறலாம். வாசல் வரக்கூடிய இடத்தில் மேலே விட்டமும் கீழே நிரப்புச் சுவரும் முதல் நாளிலேயே இருக்க வேண்டும். தாங்குசுவரைப் பின்னர் வெட்டுவது ஆபத்து; முன்கூட்டி விட்ட திறப்பில் கல்லை எடுப்பது அரைநாள் வேலை.

மூன்றாவது, அளவு. சர்வதேச அடிப்படை அளவு 100 மில்லிமீற்றர். நமது சீமெந்துக் கல் 390க்கு 190. பூச்சு இணைப்போடு 400க்கு 200. ஆக, நமது கல் ஏற்கெனவே அந்த ஒழுங்கில்தான் இருக்கிறது. கதவு நிலை, யன்னல், குசினித் தட்டு, உட்சுவர்ப் பலகை எல்லாம் அதே வரிசையில் வந்தால், முன்வார்ப்பைச் சிறு துண்டுகளாகச் செய்து சிறிய லொறியில் கொண்டுவரலாம். எந்தப் பாஸும் பொருத்தலாம், எந்தக் கடையிலும் மாற்று வாங்கலாம்.

நான்காவது, உறுதி. 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி உடைமைச் சட்டமும் அதன் திருத்தங்களும் தனிவீட்டையும் பொதுக்கூறையும் பிரித்துச் சொல்கின்றன. அந்தக் கோட்டை வரைபடத்தில் எங்கே இடுவது என்பது நமது கையில் இருக்கிறது. எது நகரலாம், எது நகரக்கூடாது என்று நிறம் பிரித்த வரைபடம் ஒன்று கூட்டாதன வரைபடத்தோடு பதிவாக வேண்டும். அதன் பிரதி மூன்று மொழியிலும் ஒவ்வொரு வீட்டுக்கும் போக வேண்டும். நகரலாம் என்று குறித்ததை நகர்த்துவதற்குக் கடிதம் ஒன்றே போதும் என்ற விதியைக் கூட்டாதன முகாமைத்துவ அதிகார சபை கொண்டுவர வேண்டும்.

இதற்கெல்லாம் பணம் எங்கே என்று கேட்பார்கள். 2022 நெருக்கடியில் பாதியில் நின்ற கட்டடங்களைப் பார்த்த பிறகு, கேள்வியைத் திருப்பிப் போட வேண்டியிருக்கிறது. சட்டகத்தையும் குழாய்த் தண்டையும் லிப்ற்றையும் முழுமையாக முடித்து, உள்வேலையின் ஒரு பகுதியைக் குடும்பத்தின் வசதிக்கும் காலத்துக்கும் விடுகிற கட்டடம் பண நெருக்கடியைத் தாங்கும். முழுவதையும் ஒரே நாளில் முடித்தாக வேண்டிய கட்டடம் தாங்காது. ஆனால் பாதுகாப்பில் எதையும் விட்டுவைக்கக் கூடாது: தீத் தடுப்பு, கைப்பிடிச் சுவர், நோயாளியின் படுக்கையும் இறந்தவரின் பெட்டியும் கிடையாகப் போகக்கூடிய லிப்ற் ஆகியவை முதல் நாளிலேயே வேண்டும்.

வட கொழும்பில் அடுத்துக் கட்டப்படும் அரச மாடித் திட்டத்தில் ஒரேயொரு கட்டடத்தையாவது இந்த முறையில் கட்டுங்கள் என்று நகர அபிவிருத்தி அதிகார சபையைக் கேட்கிறோம். வெள்ளவத்தையில் தனியாருக்கு வரையும் நண்பர்கள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் மேசையில் இப்போது இருக்கும் வரைபடத்தில் குழாய்த் தண்டை நடைபாதைப் பக்கம் நகர்த்துங்கள். அதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை.