ஏட்டைப் புரட்டலாகாதோ?

மாண்டவர் மாண்டனர், பழங்குப்பையைக் கிளறுவானேன் என்று கேட்கும் அறிவாளிகள் சிலர் உளர். அவர்கட்கு நாம் ஒரு மாணவரின் உழைப்பைச் சுட்டிக் காட்டுவோம்.

நாஜிகளுக்குத் தப்பி 1939-இல் வியன்னாவை விட்டோடிய யூதக் குடும்பத்தின் பிள்ளை ரவுல் ஹில்பர்க். 1948-இல், அமெரிக்காவின் கொலம்பியா சர்வகலாசாலையில், யூதர் அழிக்கப்பட்ட வரலாற்றை ஆராயத் துணிந்தார். இதனால் உமது எதிர்காலம் கெடும் என்று ஆசிரியரே எச்சரித்தார். ஹில்பர்க் அஞ்சினாரில்லை. ஜெர்மன் சர்க்காரின் தஸ்தாவேஜுகளை ஆயுள் முழுதும் புரட்டினார்.

கண்டதென்ன? கொலைஞன் துப்பாக்கி ஏந்தியவன் மட்டுமல்லன். பெயரைப் பதிந்த குமாஸ்தாவும் கொலைஞன். சொத்தைப் பறித்த அதிகாரியும் கொலைஞன். கொலைக்களத்துக்கு ஏற்றிச் சென்றவர்கட்கு மூன்றாம் வகுப்புக் கட்டணம் கணக்கிட்டது ரயில்வே இலாகா. பத்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அரைக் கட்டணமாம்! என்னே சட்டத்தின் கருணை!

பதிப்பாளர் பலர் மறுத்த அவர் நூல் 1961-இல்தான் வெளிவந்தது.

பிறப்பைக் கொண்டு மனிதரைப் பிரித்தெழுதிய பட்டியலிலேதான் அக்கொலை தொடங்கிற்று. ஏட்டில் தொடங்கிய கொடுமையை ஏட்டைப் புரட்டாமல் அறிவதெங்ஙனம்? புரட்டாதே என்போர் மாண்டவர்க்கு அமைதி தேடவில்லை. அந்தக் குமாஸ்தாவுக்கே நிழல் தேடுகின்றனர் என்போம்.