உடன்வந்தவர் நோயுற்றிருக்க ஊர் சுற்றுவதா?

 

உம்ராவை நிறைவேற்றித் திரும்பும் வழியில் இஸ்தான்பூலில் இரண்டு மூன்று நாள் தங்கி வருவது நம் குடும்பங்களிடையே இன்று பெருகிவரும் வழக்கம். காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் பணியாற்றும் சகோதரர் ஒருவர் பல ஆண்டுகள் சேமித்துத் தம் மனைவியுடன் அவ்வாறு சென்றுவந்தார். ஜும்ஆவுக்குப் பின் கைப்பேசியில் படங்களைக் காட்டினார். அயா சோபியா, நீலப் பள்ளிவாசல், பாஸ்பரஸ் நீரிணை எல்லாம் இருந்தன. மனைவி மட்டும் ஒரு படத்திலும் இல்லை.

காரணம் கேட்டேன். இஸ்தான்பூலில் இறங்கிய அன்றே அவருக்குக் கடுங்காய்ச்சல். "பணம் கட்டியாச்சு, நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க" என்று அவரே கணவரை அனுப்பிவைத்திருக்கிறார். இரவு திரும்பியபோது காலையில் வைத்துச்சென்ற ரொட்டி தொடப்படாமல் கிடந்தது. தண்ணீர் தீர்ந்திருந்தது. மொழி தெரியாததால் விடுதியில் எவரையும் அழைக்க அவருக்கு இயலவில்லை.

"ஹஜ்ரத், அவ ஒரு வார்த்தை குறை சொல்லல. ஆனா இந்தப் படங்களை அவகிட்ட காட்ட எனக்கு மனசு வரல. நான் செஞ்சது தப்பா?" என்றார்.

இக்கேள்வி அவருக்கு மட்டும் உரியதன்று என்பதால், அவர் அனுமதியுடன் இதனை எழுதுகிறேன்.

ஹிஜ்ரி 2ஆம் ஆண்டு பத்ருப் போருக்கு முஸ்லிம்கள் புறப்பட்டபோது, உஸ்மான் (ரலி) அவர்களின் மனைவியும் நபி (ஸல்) அவர்களின் மகளுமான ருகையா (ரலி) நோயுற்றிருந்தார்கள். அவர்களைக் கவனிப்பதற்காக உஸ்மான் (ரலி) மதீனாவிலேயே தங்கினார்கள். பத்ரில் கலந்துகொண்டவருக்குரிய நன்மையும் பங்கும் அவருக்கு உண்டு என நபி (ஸல்) அவர்கள் அறிவித்தது புகாரீயில் பதிவாகியுள்ளது. பத்ரையே விட்டுத் தங்கலாம் என்றால், ஒரு பள்ளிவாசலின் குவிமாடத்தைப் பார்ப்பதை விட்டுத் தங்கக்கூடாதா?

"அவரே போகச் சொன்னாரே" எனச் சிலர் கேட்கலாம். நம் வீட்டுப் பெண்கள் எப்போதுதான் "போகாதீர்கள்" என்று சொல்லியிருக்கிறார்கள்? தம்மால் பிறருக்குச் சுமை வரக்கூடாது என்ற எண்ணத்தில் எழும் சொல் அது. அதை அனுமதியாக எடுத்துக்கொள்வது நமக்கு வசதி, அவர்களுக்கு நீதியாகாது. அருகிலிருக்கும் தோழருக்கு நன்மை செய்யுமாறு அந்நிஸா அத்தியாயத்தின் 36ஆம் வசனம் ஏவுகிறது. அது பயணத் தோழரையும் மனைவியையும் குறிக்கும் என விரிவுரையாளர்கள் விளக்கியுள்ளனர். இங்கு அவ்விருவரும் ஒருவரே.

1453 முதல் ஏறத்தாழ 470 ஆண்டுகள் உஸ்மானியரின் தலைநகராக விளங்கிய அந்நகரமே இப்பாடத்தைச் சொல்கிறது. ஹிஜ்ரத்தின்போது நபி (ஸல்) அவர்களைத் தம் இல்லத்தில் தங்கவைத்த அபூ அய்யூப் அல்அன்ஸாரி (ரலி) அவர்கள், முதுமையில் அந்நகர முற்றுகைக்குச் சென்ற இடத்தில் நோயுற்றார்கள். படைத்தலைவர் வந்து நலம் விசாரித்து, அவர்களின் விருப்பத்தைக் கேட்டார். இறந்தபின் தம்மை இயன்ற அளவு முன்னே கொண்டுசென்று அடக்கம் செய்யுமாறு கூறினார்கள். போருக்கு நடுவிலும் உடன்வந்தோர் அதனை நிறைவேற்றினர். இன்று பயணிகள் திரளும் அய்யூப் சுல்தான் பள்ளிவாசல் அந்த அடக்கத்தலத்தின் அருகில்தான் உள்ளது. 1557இல் கட்டிடக் கலைஞர் சினான் நிறைவுசெய்த சுலைமானியா வளாகத்திலும் தொழுமிடத்துடன் மருத்துவமனை, மருத்துவக் கல்லூரி, உணவுச்சாலை ஆகியவை இணைந்தே எழுந்தன.

ஆகவே, ஒருவர் நோயுற்றால் அனைவரும் அறையில் முடங்கவேண்டும் என்பதன்று என் கருத்து. முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். பலராகச் சென்றால் முறைவைத்து ஒருவர் உடனிருங்கள். இருவர் மட்டும் என்றால், தங்குவதே கடமை. நோய் தணிந்தபின் சிறிது நேரம் வெளியே சென்றுவரலாம். நோயாளியும் "என்னால் எல்லாம் கெட்டது" என வருந்தவேண்டாம். நோயுற்றவருக்கும் பயணிக்கும், ஆரோக்கியத்துடன் ஊரில் இருந்தபோது செய்துவந்த அமல்களின் நன்மை எழுதப்படும் என்பது நபிமொழி.

அச்சகோதரரிடம் நான் கூறியது இதுதான்: "தப்புதான், தம்பி. ஆனால் படங்களை மறைக்காதீர்கள். முதலில் அவரிடம் மன்னிப்புக் கேளுங்கள். பிறகு அருகில் அமர்ந்து ஒவ்வொன்றாகக் காட்டுங்கள்."

நம்முடன் வருபவரின் உரிமையை அறிந்து நடக்கும் நல்லோராக வல்ல ரஹ்மான் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.