தேக்கு உத்தரத்தை விற்குமுன்

வெடிமருந்தோடு வாழும் விருதுநகர், சிவகாசிப் பக்கத்தில் மரவீடு என்றாலே தீப்பயம் வருவது நியாயம்தான். ஆனால் பருத்த உத்தரம் எரியும்போது மேலே படியும் கரியே உள்மரத்தைக் காக்கிறது. இரும்போ சுமார் 550 டிகிரியில் பாதி வலுவை இழக்கிறது. 1500களில் ஓக் மரச்சட்டம் கோத்துக் கட்டிய இங்கிலாந்தின் லிட்டில் மோர்ட்டன் ஹாலும், ஒற்றைப் பலாமரத் தூணில் பூவேலை செதுக்கிய பத்மநாபபுரம் அரண்மனையின் தாய்க்கொட்டாரமும் இன்றும் நிற்கின்றன. கரையான் அரிக்காதா என்பீர்கள். அரிக்கும், அந்த இடத்தை மட்டும் அறுத்தெடுத்து, கழுந்தும் துளையுமாகப் புது மரம் கோக்கலாம். கம்பி துருப்பிடித்து வெடித்த கான்கிரீட்டைச் சீராக்குவது அவ்வளவு எளிதல்ல. பட்டாசுக் கிடங்குக்கு மரம் ஆகாது. குடியிருக்கும் வீட்டுக்கு ஆகும். காரைக்குடி பழம்பொருள் கடைகளில் குவிந்திருக்கும் தேக்குத் தூண்கள் இடிந்துபோன வீடுகளின் மிச்சம். உங்கள் பாட்டன் வீட்டை இடிக்குமுன், அனுபவமுள்ள தச்சர் ஒருவரிடம் காட்டிவிட்டு முடிவெடுங்கள்.