வயசானா அப்படித்தானா?

கொல்லிமலை என்றதும் நம்மில் பலருக்கு 70 கொண்டை ஊசி வளைவுகளும் ஆகாய கங்கையும்தான் ஞாபகம் வரும். ஆனால் செம்மேட்டில் இருக்கும் 48 வயது அம்மாவுக்கு அந்த வளைவுகள் வேறு கணக்கு. நாமக்கல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தால் ஒரு நாள் கூலி போச்சு, பஸ் காசு தனி! அதனால் உடம்புக்கு எது வந்தாலும் "வயசானா அப்படித்தான்" என்று முடித்துவிடுகிறார்கள்.

சொரியாசிஸை எடுத்துக்கொள்வோம். தோல் செல்கள் உருவாகி உதிர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். இந்த நோயில் சில நாட்களிலேயே மேலே வந்து, செதில் செதிலாகக் குவிகின்றன. நோய் எதிர்ப்பு சக்தியின் கோளாறுதான் காரணம். தொட்டால் ஒட்டாது.

மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் குறைகிறது. தோல் வறண்டு அரிக்கிறது. ராத்திரி திடீரென்று உடம்பு கொதித்து வியர்க்க, தூக்கம் போய்விடுகிறது. தூக்கக் கேடும் மன உளைச்சலும் சொரியாசிஸைக் கிளப்பிவிடக் கூடியவை. மலைக்குளிரும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். எல்லாருக்கும் இப்படி ஆவதில்லை. ஆனால் சில பெண்களுக்கு இந்த வயதில்தான் அதிகமாகிறது.

இதில் இரண்டு சிக்கல்கள். ஒன்று, மூட்டு வலி. மெனோபாஸிலும் வரும், சொரியாசிஸாலும் வரும். இரண்டாவதைக் கவனிக்காமல் விட்டால் மூட்டே கெட்டுப்போகலாம். இன்னொன்று, பிரஷர் மாத்திரை. பீட்டா பிளாக்கர் வகை மாத்திரைகள் சிலருக்கு சொரியாசிஸை அதிகமாக்கும். அதற்காகத் தானாக நிறுத்திவிடக் கூடாது. டாக்டரிடம் சொன்னால் மாற்றித் தர முடியும். ஆனால் யாராவது கேட்டால்தானே அவர் சொல்லுவார்?

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், சுகர், பிரஷர் மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுபோனது. நல்ல விஷயம். அப்படி வாசலுக்கு வருகிறவர் கூடவே இரண்டு கேள்வி கேட்டால் என்ன? "மாசக்கணக்கு நின்னுடுச்சாம்மா? தோல்ல செதில், மூட்டுல வலி ஏதும் இருக்கா?" 'அவர்களுக்கு ஏற்கெனவே வேலை அதிகம்' என்று சிலர் சொல்லலாம். உண்மைதான். ஆனால் இதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது.

சொரியாசிஸ் தீவிரமான நாள்பட்ட நோய் என்று உலக சுகாதார சபை 2014-லேயே தீர்மானம் போட்டுவிட்டது. அந்தத் தீர்மானம் 70 வளைவு ஏற வேண்டாமா, நண்பர்களே? அதுவரை நம் வீட்டு அம்மாவிடம் நாமாவது கேட்கலாமே!