கொடுப்பதற்காக வளர்த்தல்

பதுளையிலிருந்து பசறைக்கு வரும் பாதையிலே, தேயிலைச் சரிவுகளின் ஓரத்திலும் கடைத்தெருவின் பின்புறத்திலும் கோயில் வாசல்களிலும், கண் திறந்து சில நாட்களே ஆன நாய்க்குட்டிகளைப் பெட்டியிலோ சாக்கிலோ இட்டுவிட்டுப் போகும் வழக்கம் இன்னும் ஒழிந்தபாடில்லை. அவற்றுள் பெரும்பாலானவை பெட்டைகள். ஆண் குட்டியைக் காவலுக்கென்று யாரேனும் எடுத்துக்கொள்வர். பெட்டையோ ஈன்றுகொண்டே இருக்கும் என்று அஞ்சித் தெருவில் விட்டுவிடுவர். தெருவில் விட்ட பெட்டை ஈனாமலா இருக்கப்போகிறது என்பதை மட்டும் எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

நம்மவரிடம் இரக்கம் இல்லாமலில்லை. தேநீர்க் கடை வாங்கில் அமர்ந்திருப்பவர் தம் பணிஸில் பாதியைப் பிய்த்துப் போடுகிறார். அன்றிரவு வடகீழ்ப் பருவமழை பிடித்துக்கொள்கிறது. பணிஸ் தின்ற குட்டி காலையில் விறைத்துக் கிடக்கிறது. இந்த ஒருவேளை இரக்கத்தைப் பழிப்பது நம் நோக்கமன்று. ஆயின் அதனினும் கடினமான இரக்கம் ஒன்று உண்டு. ஒரு குட்டியை எடுத்து, இரண்டு மூன்று மாதம் வீட்டில் வைத்து, நோய் நீக்கி, மனிதரோடு வாழப் பழக்கி, தகுந்த குடும்பமொன்றின் கையில் ஒப்படைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவது அது. நம் மலையகத்துக்கு இன்று வேண்டியது இதுவே என்பது எம் கருத்து.

பிறருக்காக ஓர் உயிரை வளர்த்துக் கொடுப்பது நாம் அறியாத முறையன்று. ஒருவருடைய பசுவை மற்றொருவர் வாரத்துக்கு வளர்த்துக் கன்றைப் பங்கிடும் வழக்கம் நம் முன்னோரிடம் இருந்தது. நாய்க்குட்டி விஷயத்தில் பங்கு கிடையாது, அவ்வளவே வேற்றுமை. சென்னையில் 1959 ஆம் ஆண்டில் கேப்டன் சுந்தரம் தொடங்கிய புளூ கிராஸும், கொழும்பில் 2007 ஆம் ஆண்டில் ஒட்டாரா குணவர்தன தொடங்கிய எம்பார்க்கும் ஆதரவற்ற நாய்களைக் காப்பதைப் பெரும் பணியாகச் செய்துள்ளன. நம் பகுதியிலும் ஒரு காப்பகம் கட்டினால் போதாதா என்று கேட்கலாம். போதாது. 1978 ஆம் ஆண்டளவில் உலகெங்கும் பரவிய பார்வோ என்னும் கொடிய வயிற்றுநோய் இளங்குட்டிகளையே கொள்ளைகொள்வது. அதன் கிருமி மண்ணில் பல மாதங்கள் உயிரோடிருக்கும். நாற்பது குட்டிகளை ஒரே கொட்டகையில் அடைத்தால் அந்நோய்க்கு விருந்து வைத்தது போலாகும். ஒரு வீட்டுக்கு ஒரு குட்டி என்பதே பாதுகாப்பு.

இன்னொரு காரணமும் உண்டு. ஸ்கொட், புல்லர் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர்கள் பல்லாண்டுகள் நாய்க்குட்டிகளை ஆராய்ந்து 1965 ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டனர். பிறந்த மூன்றாம் வாரத்திலிருந்து ஏறக்குறையப் பன்னிரண்டாம் வாரம் வரையில் ஒரு குட்டி எவற்றோடு பழகுகிறதோ அவற்றையே ஆயுள் முழுவதும் அச்சமின்றி ஏற்கும் என்பது அவர்கள் கண்ட உண்மை. தெருவோரத்தில் ஒளிந்து அந்த வாரங்களைக் கழித்த குட்டி, பின்னர் எத்தனை சோறு போட்டாலும் மனிதன் கையைக் கண்டு பதுங்கும். பதுங்கும் நாயே கடிக்கும் நாய்.

ஆகவே இடைக்காலத்தில் வளர்ப்பவரின் வேலை சோறு போடுவது மட்டுமன்று. கொழுந்து லொறியின் இரைச்சல், ஆலைச் சங்கு, திருவிழாத் தப்பொலி, பட்டாசு, குடை பிடித்தவர், தலையில் சுமை தூக்கியவர் ஆகிய யாவும் அந்த வாரங்களுக்குள்ளேயே குட்டிக்குப் பழக வேண்டும். தடுப்பூசிகள் முடியுமுன் கடைத்தெரு மண்ணில் இறக்கிவிடலாகாது. கையில் ஏந்திச் சென்று காட்டலாம். காதையும் பாதத்தையும் வாயையும் நாள்தோறும் தொட்டுப் பார்த்துப் பழக்கினால் நாளைக்கு மிருக வைத்தியர் கைபட்டால் சீறாது. விளையாட்டில் பல் பதித்தால் அடிக்க வேண்டாம். விளையாட்டை அக்கணமே நிறுத்திவிட்டு எழுந்து போங்கள். கோழியைத் துரத்தாதிருக்கப் பழக்குவது எல்லாவற்றிலும் முக்கியம். தோட்டப்புறத்தில் கோழி பிடித்த நாய் புது வீட்டில் ஒரு வாரம் தங்காது.

உணவிலும் கவனம் வேண்டும். பசும்பால் பல குட்டிகளுக்கு வயிற்றோட்டத்தைத் தரும். வெங்காயம் போட்ட குழம்பு நாயின் இரத்தத்தைக் கெடுப்பது. மிச்சக் குழம்பை ஊற்றுவோர் இதனை நினைவிற் கொள்க. குழைந்த சோறும் உப்பில்லாமல் அவித்து முள் நீக்கிய மீனும் நல்லவை. குடற்புழு தாய் வயிற்றிலேயே குட்டியைப் பற்றுவதாலும், அது நம் பிள்ளைகளுக்கும் தொற்றக்கூடியதாலும், புழு மருந்தை ஒத்திப்போடலாகாது.

பெயர் வைத்தால் பாசம் வந்துவிடும், வைக்காதே என்பர் சிலர். எமக்கு இது உடன்பாடன்று. துரைமார் பங்களாவிலிருந்து இறங்கி வந்த ‘ஜிம்மி’யானாலும் சரி, நம்முடைய ‘மணி’யானாலும் சரி, அழைத்தால் ஓடிவரும் குட்டியையே பிறர் விரும்பி எடுப்பர். பாசம் வரத்தான் செய்யும். தன்னைத் தொடர்ந்து வந்த நாயை விட்டுச் சொர்க்கம் புக மறுத்தார் தருமபுத்திரர் என்று கதை கேட்டு உருகுகிறோம். இங்கே வேண்டப்படுவதோ அதற்கு நேர்மாறானது: நாயை நல்ல இடத்துக்குள் அனுப்பிவிட்டு நாம் வாசலில் நிற்க வேண்டும். கொடுக்க மனமின்றித் தானே வைத்துக்கொள்பவரை யாம் குறை சொல்லவில்லை. ஆனால் அவ்வீட்டில் அடுத்த குட்டிக்கு இடம் போயிற்று.

மனிதருக்கே ஒழுங்கான வீடில்லாத இடத்தில் நாய்க்கு வீடு தேடுவதா என்ற கேள்வி எழும். நியாயமான கேள்வியே. ஓர் அறையும் ஒரு திண்ணையுமாக லயத்தில் வாழும் குடும்பத்தின் மேல் இச்சுமையை ஏற்றுவது முறையன்று. முற்றமுள்ள ஆசிரியர்களும் உத்தியோகத்தர்களும் நகரத்து வணிகர்களும் முதலில் முன்வரட்டும். எனினும் பராமரிப்பற்ற நாயால் முதலில் துன்புறுவது அந்த லயத்துப் பிள்ளைதான். வெறிநாய் என்று ஐயுறத்தக்க விலங்குகளால் கடிபடுவோரில் நூற்றுக்கு நாற்பது பேர் பதினைந்து வயதுக்குட்பட்டோர் என்று உலக சுகாதார நிறுவனம் கூறியுள்ளது. இலங்கையில் 1973 ஆம் ஆண்டில் விசர்நாய்க்கடியால் 377 பேர் மாண்டனர். அண்மைய ஆண்டுகளில் இத்தொகை இருபது, முப்பது என்ற அளவுக்கு இறங்கியிருக்கிறது. நாய்களைப் பிடித்துக் கொல்லும் பழைய முறையை அரசு 2006 ஆம் ஆண்டில் கைவிட்ட பின்னரும் இத்தொகை மீண்டும் ஏறிவிடவில்லை. காத்தது தடுப்பூசி, ஊசிக்குப் பிடித்துக் கொடுக்க ஓர் உரிமையாளர் இல்லாத நாய்க்கு அது எட்டுவது அரிது.

கொடுக்கும் இடத்தை ஆராய்வதிலே கூச்சம் வேண்டாம். பெண் கொடுப்பவர் விசாரிப்பது போல விசாரிக்கலாம். வீட்டுத் தலைவரிடம் மட்டும் கேட்டுத் திரும்பலாகாது. பெரட்டுக்குப் புறப்படுமுன் அந்த நாய்க்குச் சோறு வைக்கப்போகிறவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்ணே. அவருக்குச் சம்மதமா என்று அறிய வேண்டும். பகல் முழுதும் கட்டி வைப்பார்களா, கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டால் யார் பார்ப்பார்கள், பன்றிக்குக் கண்ணி வைக்கும் காட்டோரமா என்பனவும் கேட்க வேண்டியவையே. ஊசி அட்டையோடு, குட்டி படுத்துறங்கிய சாக்கையும் கொடுத்தனுப்பினால் முதலிரவில் அதன் அழுகை குறையும். பெட்டையாயின் ஆறாம் மாதமளவில் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்ய வேண்டும். புதிய வீட்டார் அதை மறந்துவிடுவது இயல்பு. ஆதலால் அந்த நாளைக் குறித்து வைத்துக்கொண்டு, வளர்த்துக் கொடுத்தவரே பதுளைக்குக் கூடச் சென்று வருவது நல்லது.