பொண்ணுங்க மேல பழி போடுறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் பாருங்க!



"அந்தக் காலத்துல அம்மி அரைச்சாங்க, ஆட்டுக்கல்லு ஆட்டினாங்க, சுகப்பிரசவம் ஆச்சு. இப்போ இருக்கிற பொண்ணுங்களுக்கு வலி தாங்க முடியல, அதான் சிசேரியன்." உங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்புக்கும் இது வந்திருக்கும். அனுப்பின மாமாவுக்கு இந்தப் பதிவைத் திருப்பி அனுப்புங்க.

தமிழ்நாட்டுப் பிரசவங்களில் சிசேரியன் 2005-06இல் 20 சதவீதம். 2015-16இல் 34. 2019-21இல் 45. சொல்வது நாம இல்ல, ஒன்றிய அரசின் தேசிய குடும்ப நல ஆய்வு. பதினஞ்சு வருஷத்துல பொண்ணுங்களோட இடுப்பெலும்பு மாறிடுச்சா? மிக்ஸி 2005லயே வந்தாச்சு மாமா!

தாமதமான கல்யாணம், சர்க்கரை, பிரஷர், செயற்கைக் கருத்தரிப்பு எல்லாம் கூடியிருக்கு. மறுக்கல. ஆனா அதே ஆய்வில் இதையும் பாருங்க: அரசு மருத்துவமனையில் 36 சதவீதம். தனியாரில் 64!

சிக்கலான கேஸை நடுராத்திரியில ஆம்புலன்ஸ்ல ஏத்தி எங்க அனுப்புறாங்க? அரசு மருத்துவக் கல்லூரிக்கு. அப்போ நியாயமா எங்க சிசேரியன் அதிகமா இருக்கணும்?

பக்கத்துல கேரளா. அங்கே அரசில் 37, தனியாரில் 40. அவ்வளவுதான் வித்தியாசம். அங்கேயும் மிக்ஸியிலதான் அரைக்கிறாங்க. பேறுகால மரணம் 2018-20 கணக்குப்படி ஒரு லட்சம் பிரசவத்துக்கு கேரளாவில் 19, நம்மகிட்ட 54. அதிகமா அறுத்தா அதிகமா காப்பாத்தலாம்னா இந்தக் கணக்கு தலைகீழா இல்ல இருக்கணும்?

உண்மையான காரணம் கடிகாரத்துலயும் பில்லுலயும் இருக்கு. முதல் பிரசவ வலி பன்னிரண்டு மணி நேரம்கூட போகும். பக்கத்துலயே ஆள் இருக்கணும். சிசேரியன் ஒரு மணி நேர வேலை, பில்லும் பெருசு. ஒரே ஒரு டாக்டர், கூப்பிட்டா வர்ற மயக்க மருந்து நிபுணர்னு ஓடுற நர்சிங் ஹோம் எதைத் தேர்ந்தெடுக்கும்? போதாக்குறைக்கு நட்சத்திரம் பார்த்து ஆபரேஷனுக்கு நேரம் குறிச்சுக் கொடுக்கிற ஜோசியர். (இதுல நம்ம வீட்டுக்காரங்களுக்கும் பங்கு உண்டு, சொல்லித்தான் ஆகணும்.)

ஒரு தடவை அறுத்தாச்சுன்னா, அடுத்த பிள்ளைக்கும் பெரும்பாலும் அதே டேபிள்தான். அரசு மருத்துவமனைகளிலேயே 26ஆக இருந்தது 36 ஆனதுக்கு இதுவும் ஒரு காரணம். நம்ம பக்கம் எல்லாம் சரின்னு சொல்ல வரல.

தேவையான நேரத்துல சிசேரியன் உயிர் காக்கும். டாக்டர் அவசரம்னா தயங்காதீங்க. யூடியூப் பார்த்து வீட்டுல பிரசவம் பார்க்கிற பைத்தியக்காரத்தனம் வேண்டவே வேண்டாம். 2018ல திருப்பூர்ல ஒரு தாயின் உயிர் அப்படித்தான் போச்சு.

நாம கேட்கிறது கணக்கு. தாய்மார்களைப் பத்து குழுவா பிரிச்சு, எந்தக் குழுவில் எத்தனை சிசேரியன்னு பார்க்கிற ராப்சன் முறையை உலக சுகாதார நிறுவனம் 2015லயே பரிந்துரைச்சிருக்கு. முதல் பிள்ளை, மாசம் நிறைஞ்சிருக்கு, தலை கீழே இருக்கு, வலி தானா வந்திருக்கு. இப்படி வந்தவங்கள்ல எத்தனை பேரை அறுத்தீங்க? இதுக்கு ஒரு எக்செல் ஷீட் போதும். அரசோ தனியாரோ, ஒவ்வொரு மருத்துவமனையும் மாசாமாசம் அதை வாசல்ல ஒட்டணும். பிரசவ வார்டுல கூடவே இருந்து பார்க்க, பயிற்சி பெற்ற மருத்துவச்சிகளை அரசு நியமிக்கணும்.

அடுத்த முறை செக்கப்புக்குக் கூட்டிட்டுப் போறப்ப, "போன மாசம் உங்ககிட்ட எத்தனை சுகப்பிரசவம், எத்தனை சிசேரியன்?"னு கேளுங்க. வந்த பதிலை கமெண்ட்ல போடுங்க.

#சிசேரியன்_கணக்கைக்_காட்டு