நடுக்கடலில் மளிகைக் கடை ஏது?

ஆஸ்டின் டவுனில் குடியிருக்கும் நமக்கு உப்புத் தீர்ந்துவிட்டால் கவலையில்லை. தெருமுனைக் கடைக்கு ஒரு பையனை அனுப்பிவிடுகிறோம். இக்காலத்தில் கைப்பேசியில் கேட்டாலோ, உலை கொதிக்குமுன் வாயிலிலேயே கொண்டுவந்து தருகின்றனர். மாதத் தொடக்கத்தில் உட்கார்ந்து பட்டியல் எழுதும் வழக்கம் நம் இல்லங்களில் அருகிவிட்டது. எம் இல்லத்திலும் அப்படியே. அண்மையில் எம் மனைவியாரின் தமையனார் ஊரிலிருந்து வந்து பத்து நாள் தங்கினார். அவருடைய பட்டியலைக் கண்ட பின்னர் நாம் சற்று வெட்கினோம் என்பதை மறைப்பானேன்?

அவர் கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர்ப் பக்கத்தவர். கொச்சியின் தோப்பும்படித் துறைமுகத்திலிருந்து ஆழ்கடல் விசைப்படகில் சுறாவும் சூரையும் பிடிக்கச் செல்பவர். ஒருமுறை புறப்பட்டால் கரை காண முப்பது நாளும் ஆகும். அதுவரை படகே வீடு. படகில் ஏற்றியதே உணவு.

அவர் கணக்கு எளியது. ஆள் ஒன்றுக்கு நாளைக்கு 450 கிராம் அரிசி. பதினொரு பேருக்கு ஏறத்தாழ 5 கிலோ. முப்பது நாளைக்கு 150 கிலோ. குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு 5 லிட்டர் வீதம் நாளைக்கு 55 லிட்டர் நன்னீர். பாத்திரம் கழுவக் கடல்நீர் போதும். கறிக்கு மீன் இருக்கிறது. ஆனால் மீன் அகப்படாத நாளும் உண்டென்று பருப்பும் கருவாடும் தனியே எடுத்து வைப்பாராம். கடலுக்குக் கருவாடு கொண்டு போவதா என்று நாம் சிரித்தோம், அவர் சிரிக்கவில்லை.

காய்கறி வாங்குவதில் அவர் காட்டிய நுட்பம் நம் இல்லத்தரசியார்க்கும் பயன்படும். தக்காளியைப் பழமாக வாங்குவதில்லை. செங்காயாகவும் பச்சையாகவும் கலந்து வாங்கி, ஒவ்வொன்றையும் தாளில் சுற்றி வைத்தால் முறை முறையாகப் பழுக்கும். வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் ஒரே கூடையில் போடலாகாது. ஒன்றினால் மற்றொன்று கெடும். வெங்காயம் வலைப்பையில் காற்றாடத் தொங்க வேண்டும். முட்டைக்கோசை அரிவாளால் பிளவாமல் மேலிலையாக உரித்து எடுத்தால் பல வாரம் நிற்கும். தேங்காய் உரிக்காமலே வர வேண்டும். முட்டையைக் கழுவலாகாது, ஐயமிருந்தால் தண்ணீரில் இடுக, மிதப்பது ஆகாது. வாழைத்தாரை மட்டும் அவர் வெறுக்கிறார். முழுத்தாரும் ஒரே நாளில் பழுத்து, பதினொரு பேரும் மூன்று வேளையும் பழமே தின்ன நேர்ந்ததாம்!

இன்னொன்று: அட்டைப் பெட்டியைப் படகில் ஏற்ற விடமாட்டார். அட்டையின் மடிப்புகளில் கரப்பான் முட்டை ஒளிந்து வரும். சரக்கைக் கரையிலேயே பிரித்து, மூடியுள்ள பிளாஸ்டிக் வாளிகளில் கொட்டிக்கொள்கிறார். தீப்பெட்டிகளை மூன்று வெவ்வேறு இடங்களில் வைக்கிறார்.

இவையெல்லாம் நாம் விரும்பிக் கேட்டவை. இனி எழுதப்போவது கேட்டறிந்ததன்று, உடனிருந்து பட்டது.

2017 நவம்பர் முதல் வாரத்தில் அவர் படகு புறப்பட்டது. முப்பது நாளைக்குச் சரக்கு போதும், மிகுதி ஏற்றினால் செலவு வீண் என்றார் படகின் உரிமையாளர். இவர் பிடிவாதமாக இன்னும் பத்து நாளைக்கு அரிசியும் நீரும் ஏற்றினார். அதற்குரிய பணத்தைத் தம் பங்கிலிருந்து கழித்துக்கொள்ளச் சொன்னார். நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் எழுந்தது. கம்பியில்லாக் கருவியின் ஓசை எட்டாத தொலைவில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை சென்று சேரவில்லை. இவர் படகின் எஞ்சின் நின்றுபோயிற்று. காற்று தள்ளிய திசையில் வடக்கே மிதந்தார்கள்.

எம் இல்லத்தில் அந்நாள்களில் அடுப்பு பெயருக்குத்தான் எரிந்தது. தொலைபேசி மணி அடித்தால் எடுக்க அஞ்சினோம். அலுவலகத்தில் பயணச்சீட்டுக் கணக்கை இருமுறை தவறாக எழுதித் திருத்தினோம்.

படகிலோ அவர் அரிசியை ஒரு பொழுதுக்குக் குறைத்துவிட்டார், கஞ்சியும் கருவாடும். நீரை ஒரு குவளையால் அவரே அளந்து கொடுத்தார். கடிந்தவர்களுக்கு, "கணக்கு என் கையில் இருக்கட்டும்" என்பதே விடை. நாற்பத்தோராம் நாள் மற்றொரு படகு இவர்களைக் கட்டி இழுத்து மராட்டியக் கரையில் சேர்த்தது. வாளியில் எஞ்சிய அரிசி இரண்டு கிலோ. பதினொரு பேரும் நலம்.

"நாற்பது நாள் கணக்குத் தப்பவில்லை, மாப்பிள்ளை. நான் கேட்டது அவ்வளவுதான்" என்று அவர் இப்பொழுது சொல்லும்பொழுது, எம் மனைவியார் எழுந்து உள்ளே சென்றுவிடுகிறார்.

ஊருக்குப் புறப்படுமுன் நம் தெருக்கடையில் ராகிமாவைக் கண்டார். காய்ச்சலில் கிடப்பவனுக்குச் சோறு இறங்காது, இது இறங்கும் என்று ஆராய்ந்து, ஐந்து கிலோ வாங்கி, கடையிலேயே வாளியில் கொட்டிக்கொண்டார். அட்டைப் பெட்டியைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.